ஆட்டுக் கப்பலுக்குள் ஒரு விமானக் கப்பல்

நவம்பர் 3, திங்கள்

காலையில் மூடுபனி. ராஸ் அல் கைமா மலை இருந்த இடமே தெரியவில்லை. லாரிகள் எல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஊர்ந்தன. பனி விலகட்டும் என்று நின்றால் தண்ணீர் வற்றிவிடும். கடல் ஏறியிருக்கும்போதே இழுத்தாக வேண்டும். இழுத்தோம். மதியத்துக்குள் கப்பல் முழுதும் கரை மேடைமேல்.

யார்டுக்கு இதுவரை வந்ததில் இதுதான் மிக வயதான உடம்பு. இன்ஜின் கிடையாது. பெயர்கூட இல்லை, பக்கவாட்டில் ஒரு நம்பர் மட்டும். கடைசியாக, கடலுக்குள் எண்ணெய் வேலை பார்த்தவர்கள் தங்கும் மிதக்கும் கேம்ப். அதற்கு முன் ஆடு ஏற்றிய கப்பல். அதற்கும் முன்னால் என்ன என்று விற்றவருக்கும் தெரியவில்லை. யார்டில் எல்லாருக்கும் அது ‘ஆட்டுக் கப்பல்’.

மதுரையில் பிறந்து, வைகையில் தண்ணீரைப் பார்க்காமலே வளர்ந்து, கப்பல் கட்டும் படிப்புப் படித்து, இப்போது அமீரகக் கடற்கரையில் கப்பலை உடைக்கும் வேலை. எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசியில் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். கேஸ் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் பெர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் இரும்பு வெட்டும் ஒரு கேஸ் டார்ச்சும் எரியக் கூடாது. அம்மாவுக்கு இன்னும் இது புரியவில்லை. சொந்தக்காரர்களிடம் ‘துறைமுகத்துல ஆபீஸ் வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. மிதந்துகொண்டிருந்தபோது மூக்குப் பக்கம், அதாவது முன்பக்கம், என் கணக்கைவிட ஆழமாக இருந்தது. வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை, காலி அறை. ஆனால் ஏதோ கனக்கிறது.

மேனேஜர் வெங்கடேசன் சாரிடம் சொன்னேன். மாம்பலத்துக்காரர், எதற்கும் ஒரு சிரிப்பு.

“சேறா இருக்கும் வளர்மதி. இத்தன வருஷம் ஒரே எடத்துல நின்னிருக்கு இல்ல? ரெண்டு மாசம் நாற்காலியில ஒக்காந்தா நானே கனமாயிடறேன்.”

வாங்க: கறிவேப்பிலை, தாரிணிக்கு வெள்ளை சாக்ஸ், சுந்தருக்கு முதுகுவலித் தைலம். வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீரைக் கக்குகிறது.

நவம்பர் 5, புதன்

வெயில் குறைவு. நல்ல காற்று. ஹெல்மெட்டுக்குள் தலை வேகாத முதல் நாள்.

கேம்ப் அறைகளைப் பிரித்தாயிற்று. கட்டில், ஏசி, ஒட்டுப் பலகை எல்லாம் வெளியே. இன்று தரையில் இருந்த சிமெண்டை உடைத்தார்கள். வெட்டும் குழுவுக்கு ஃபோர்மேன் ரஹ்மத்துல்லா பாய், கீழக்கரைக்காரர். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“மேடம், இத வந்து பாருங்க. தரை முழுக்க அம்மத் தழும்பு மாதிரி.”

உண்மைதான். இரும்புத் தரையில் வரிசை வரிசையாகக் குழிகள். கைக்கிண்ணம் அளவு. ஒவ்வொன்றிலும் குறுக்கே தடித்த கம்பி, சுற்றிலும் சிமெண்ட் அடைத்து மூடியிருக்கிறார்கள். மண்டியிட்டு ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். கம்பி இன்னும் உறுதி.

“ஆடு கட்டுறதுக்குப் போட்டிருப்பாங்களோ?” என்றார் பாய்.

“இந்தக் கம்பியில லாரியையே கட்டலாம் பாய். ஆட்டுக்கு எதுக்கு?”

“பக்ரீத் ஆடா இருக்கும் மேடம். கொழுத்தது.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும். ஆனால் சாப்பிடும்போது அந்தக் குழிகள்தான் கண்ணுக்குள். இடைவெளி எல்லாம் ஒரே அளவு. யாரோ யோசித்து வைத்த இடைவெளி.

தாரிணிக்குப் பள்ளியில் ஆண்டு விழா. மயில் வேஷம். “அம்மா, ப்ளீஸ், பாட்டி அனுப்பின ஜிமிக்கி வேண்டாம், இட்ஸ் ஸோ ஹெவி.” சரி என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!!

முதலில் குறிப்பு. காலையில் அந்தத் தரையில் மிச்சமிருந்த சிமெண்டும் போனது. நடுவில் பெரிய செவ்வகம். சுற்றிலும் பழைய வெல்டிங் கோடு. ஒரு பெரிய ஓட்டையைப் பின்னாளில் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். கார் நிறுத்தும் இடத்தைவிடப் பல மடங்கு பெரிது. சரக்கு இறக்கும் வழி என்றால் பக்கத்தில் பாரந்தூக்கி நின்ற அடையாளம் இருக்க வேண்டும். இல்லை. மாறாக, நாலு மூலையிலும் செங்குத்தாக ஏறும் தண்டவாளம். அதாவது, தரையே மேலும் கீழுமாகப் போய் வந்திருக்கிறது. லிஃப்ட். எதை ஏற்றும் லிஃப்ட், இவ்வளவு அகலமாக?

அங்கேயே நின்றேன். காலடியில் கட்டிப்போடும் குழிகள், எதிரே லிஃப்ட். கைகளைப் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தேன், சின்னப் பிள்ளை விளையாடுவதுபோல. இறக்கை.

விமானம்!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இப்படி அவசர அவசரமாகப் பல கப்பல்கள் கட்டினார்கள், கல்லூரியில் படித்ததுதான். சரக்குக் கப்பலின் உடம்பு. அதன் தலையில் பலகை வைத்ததுபோல் ஒரு தட்டையான ஓடுதளம். உள்ளே கொஞ்சம் விமானங்கள். பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களின் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை மாதிரி. உணவும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு கூட்டமாகப் போகும் கப்பல்களுக்குக் காவல். மேலே விமானம் பறந்தால் நீர்மூழ்கி தலை தூக்காது. தூக்கினால் அடி. போர் முடிந்ததும் பாதிக்கு மேல் உடைத்தார்கள். மீதியில் மேல்தளத்தை மட்டும் கழற்றிவிட்டுச் சரக்குக் கப்பலாக விற்றார்கள். ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதோ ஒன்று, ஆட்டுப் புழுக்கை வாசனையோடு.

பாயிடம் சொன்னேன். நம்பவில்லை. செவ்வகத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, “சுபஹானல்லா. இது மேல ஏறினா ப்ளேனோட போய் நிக்குமா?” என்றார். பிறகு தன் ஆட்களிடம் இந்தியில் ஒரே விளக்கம். என்னைவிட நன்றாகவே சொன்னார், கையால் விமானம் ஓட்டி.

வெங்கடேசன் சார்: “அடடே. ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோ. சனிக்கிழமை மூக்குப் பக்கம் அடிப்பாகம் வெட்டறோம், அது தள்ளிப்போகாம பாத்துக்கோ. அடுத்த கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்கறது.”

வீட்டில் சுந்தரிடமும் சொன்னேன். அவர் டைல்ஸ் ஃபேக்டரியில் சூளை இன்சார்ஜ், இரும்பென்றாலே எட்டிக்காய். ஆனால் கேட்டார். தாரிணி மயில் வேஷத்தோடு மேஜையைச் சுற்றி விமானம் ஓட்டினாள்.

நவம்பர் 7, வெள்ளி

அரை நாள் வேலை. மாலையில் காருக்குப் பெட்ரோல் போட நின்றோம். நீண்ட வரிசை. கண்ணாடியை இறக்கினேன். வாசனை வந்தது. 

விமானம் இருந்தால் விமானத்துக்குப் பெட்ரோல் இருந்திருக்கும். எங்கே?

கப்பல் ஓட்டும் கனமான எண்ணெய் வேறு. விமானப் பெட்ரோல் தீக்குச்சி காட்டாமலே பற்றிக்கொள்ளும் சாதி. இந்த மாதிரிக் கப்பல்கள் சில அதனால்தான் வெடித்தன. அதனால் அதை எங்கே வைப்பார்கள்? முடிந்த அளவு கீழே. இன்ஜினுக்கு எட்டாத தூரத்தில். முன்பக்கம். சுற்றிலும் தண்ணீர் அரண் வைத்து.

முன்பக்கம். கீழே. வரைபடத்தில் காலி அறை. கணக்கில் வராத கனம்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றார் சுந்தர்.

“ஏங்க, நாளைக்கு வெட்டப் போறோமே, அந்த எடத்துல ஒரு டாங்க் இருக்கலாம்.”

“காலியாத்தான இருக்கும்? எண்பது வருசமாச்சே.”

“காலி டாங்க்தாங்க ஆபத்து. நெறஞ்சிருந்தா எரியும். ஆவி மட்டும் இருந்தா வெடிக்கும்.”

அவர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். கறிவேப்பிலையை மறந்துவிட்டோம்.

நவம்பர் 8, சனி

பெர்மிட்டில் கையெழுத்துப் போடவில்லை.

கேஸ் கட்டர்கள் எல்லாம் மூக்குப் பக்கம் தயாராக இருந்தன. ரஹ்மத்துல்லா பாய் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த இடத்தை அவரே வெட்டுவதாக இருந்தது. “இன்னைக்கு இல்ல பாய்” என்றேன்.  அவர் டார்ச்சின் குழாயைச் சுருட்டி வைத்தார்.

வெங்கடேசன் சாரின் அறையில்தான் சண்டை. சண்டை என்றால் சத்தம் இல்லை, அவர் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

“எங்க இருக்கு டாங்க்? வரைபடத்துல காட்டு.”

“வரைபடத்துல இல்ல சார். அது ஆட்டுக் கப்பலா மாத்தினப்போ போட்டது. அவங்க அந்த எடத்துக்குள்ள போகவே இல்ல, காலின்னு எழுதிட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

“நினைக்கறே. நினைக்கறதுக்காக முப்பது பேரை ஒக்கார வைக்கணுமா?”

“ஆமா சார்.”

பேனாவை மேஜைமேல் வைத்தார். “ஒண்ணும் இல்லேன்னா?”

“ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷம் சார். எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.”

செவ்வாய் சாயங்காலம் வரை டைம். நெருப்பு இல்லாமல், தண்ணீர் ஊற்றிக்கொண்டே கையால் துளை போட்டுப் பார்க்கலாம். அதற்குள் எதுவும் கிடைக்காவிட்டால் வேறு என்ஜினியரை வைத்துக் கையெழுத்து வாங்குவாராம். அதைச் சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

ஆண்டு விழாவுக்குப் பாதியில் போய்ச் சேர்ந்தேன். மயில் ஆடி முடித்துவிட்டது. சுந்தர் வீடியோ எடுத்திருந்தார். அதில் முக்கால்வாசி யாரோ ஒருவரின் தலை.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி பனி. முதல் துளை, வெளித் தகட்டில்.

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கறுப்பு, நாற்றம், பழைய கடல் தண்ணீர். பெட்ரோல் வாசனை மாஃபி, துளிகூட இல்லை. கேஸ் மீட்டர் வாயே திறக்கவில்லை.

வெங்கடேசன் சார் வந்து பார்த்தார். “தெரிஞ்சுபோச்சு. பேலன்ஸுக்கு நெரப்பி வச்ச தண்ணி. உன் எடைக் கணக்கும் சரியாப்போச்சு பாரு. ரெண்டு பேருக்கும் நல்லது. கலாஸ், முடிஞ்சுது.”

முதுகில் தட்டாத குறை. அவர் சொல்வதில் தப்பு இல்லை. எடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆட்கள் சத்தமாகச் சிரித்தார்கள். யாரோ ஒருவர் “பெட்ரோல் மேடம்” என்றார். காதில் விழாததுபோல் நடந்தேன்.

எல்லாத் தண்ணீரும் வடியட்டும், அளக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். டாங்கர் லாரி வைத்து உறிஞ்சுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. தப்பாகிவிட்டதே என்று இல்லை. தப்பாக இருந்தால் நல்லதுதானே. எனக்கு இன்னும் சரி என்றே படுகிறது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் உறிஞ்சி முடித்தார்கள். லாரிக்காரர் பஷ்தூன் ஆள், தாடிக்குள் ஒரு சிரிப்பு. “கதம், மேடம். தண்ணி தீர்ந்தது” என்று கையைத் தட்டிக் காட்டினார்.

தீர்ந்ததா? அந்த அறை முழுக்கத் தண்ணீர் என்றால் இதைப்போல் மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்தது கொஞ்சம். ஆனால் துளையிலிருந்து வரும்போது உச்சிவரை நிரம்பியிருந்த வேகம். இரண்டும் எப்படி ஒத்துவரும்?

அந்த அறைக்குள் தண்ணீர் நுழைய முடியாத இன்னொரு பெட்டி இருந்தால் ஒத்துவரும்.

தண்ணீர் என்னைப் பொய்யாக்கவில்லை. இதுதான் அந்த அரண்! பெட்ரோலைச் சுற்றி அவர்கள் நிறுத்திய தண்ணீர். எண்பது வருஷமாகக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஓடினேன். அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பெண், பாதுகாப்பு ஷூவோடு, யார்டு முழுக்க. நானேதான் ‘ஓடாதே’ போர்டு மாட்டியவள்.

வெங்கடேசன் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். கணக்கை அவர் மேஜைமேல் இருந்த டிஷ்யூ தாளிலேயே போட்டுக் காட்டினேன். ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். கப்பைக் கீழே வைத்தார். அவரும் என்ஜினியர்தானே.

“வா” என்றார்.

வெளித் தகட்டில் கையால் அறுத்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாசல். கேமராவைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டோம். பாய் டார்ச் லைட் பிடித்தார். திரையில் முதலில் துரு. பிறகு சேறு. பிறகு ஒரு சுவர். வெளிச் சுவர் இல்லை, உள்ளே இன்னொன்று. வளைவு, வெல்டிங் கோடு, நடுவில் மூடியடித்த ஒரு குழாய்.

வெங்கடேசன் சார் குனிந்து திரையில் அந்தக் குழாயை விரலால் தொட்டுக் காட்டினார்.

ஈரத் துணி சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கைத் துளைப்பானால் அந்த உள்சுவரில் துளை. நான் போட்டேன், பாய் தண்ணீர் ஊற்றினார். மற்றவர்களை எல்லாம் தூரப் போகச் சொல்லிவிட்டோம். துளைப்பான் சட்டென்று இளகியது. உஸ் என்று ஒரு மூச்சு. அடுத்த நொடி கேஸ் மீட்டர் அலறியது. அலறி அலறி நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு வாசனை. இனிப்பான, கனமான, பழைய வாசனை.

மரக்கட்டையால் துளையை அடைத்துவிட்டு வெளியே வந்தோம். பாய் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மேடம். சனிக்கிழம நான்தான் அங்க நின்னிருப்பேன்.”

“தெரியும் பாய்.”

“எங்கூட வேல பாக்குற அஞ்சு புள்ளைங்க.”

“தெரியும்.”

அவர் கையெடுத்துக் கும்பிடவில்லை, ஒன்றும் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். குடித்தேன். 

வெங்கடேசன் சார் நடந்து வந்தார். ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் எல்லார் முன்னாலும் சொன்னார், முதலில் தமிழில், பிறகு இந்தியில்: “நான் கையெழுத்து வேற எடத்துல வாங்கறேன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு.”

அவ்வளவுதான். நின்றவர்கள் கைதட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லாரும். வெல்டிங் கம்பியால் ட்ரம்மைத் தட்டினார்கள். காது அடைத்துவிட்டது. அழுகை வரவில்லை. சிரிப்புத்தான், அடக்க முடியாமல்.

நவம்பர் 13, வியாழன்

யார்டு முதலாளி, அர்பாப், வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி மணலில் படாமல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கப்பலைச் சுற்றி நடந்தார். துளையைப் பார்த்தார். “மாஷா அல்லா, முஹந்திஸா” என்றார், என்னை என்ஜினியரம்மா என்று. பிறகு வெங்கடேசன் சாரிடம், வெளியில் நிற்கும் அடுத்த கப்பல் இன்னும் ஒரு மாதம் நின்றாலும் பரவாயில்லை, முடிகிறபோது முடியட்டும் என்றார். மாதக் கணக்கைப் பற்றி ஒருவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லிக் கேட்டது இந்த வேலையில் முதல் தடவை.

டாங்க் சுத்தம் செய்யும் கம்பெனி வந்துவிட்டது. உள்ளே நைட்ரஜன் நிரப்பி ஆவியை வெளியேற்றுகிறார்கள்.

இனிமேல் பெட்ரோல் மேடம் என்று கூப்பிட்டால் கோபம் வராது.

வாஷிங் மெஷின்காரர் வந்தார். பம்பில் தாரிணியின் ஹேர் கிளிப்.

நவம்பர் 22, சனி

டாங்க் சுத்தம். கேஸ் பூஜ்யம், மூன்று தடவை சோதித்தாயிற்று. உள்ளே இறங்கினேன்.

சின்ன அறைதான். அடியில் மஞ்சளாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது மட்டும் போகவில்லை. சுவரில் வெல்டிங் வேலை எவ்வளவு ஒழுங்கு! கப்பலின் மற்ற இடங்களில் அவசரம் தெரியும், கோணல்மாணலாக ஓடியிருக்கும். இங்கே மட்டும் ஒவ்வொரு கோடும் பொறுமையாக. இதைக் கட்டியவருக்கும் தெரிந்திருக்கிறது, இங்கே தப்பு நடக்கக் கூடாது என்று. யாரென்று தெரியாது. அந்தக் காலத்தில் ஆண்கள் போருக்குப் போக, பெண்களும் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். பெண்ணாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

மாலையில் பெர்மிட்டில் கையெழுத்து. பாயே வெட்டினார். தீப்பொறி மழைபோல் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருப்பதைப் பார்க்க இத்தனை பேர் கூடி நின்றது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

டிசம்பர் 10, புதன்

இரவில் மழை பெய்திருக்கிறது. ரோடெல்லாம் குளம். யார்டில் செருப்பு ஒட்டும் சேறு.

பின்பக்கம் பெயிண்டைச் சுரண்டினால் அடுக்கடுக்காக வருகிறது. கேம்ப் காலத்து ஆரஞ்சு. ஆட்டுக் காலத்து வெள்ளை. அதற்கடியில் பச்சை, சரக்குக் கப்பலாக இருந்தபோது அடித்தது போலும். எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் நிறம். போர்ச் சாம்பல். விரல் நகம் அளவு ஒரு செதிலில் ஒரு கப்பலின் ஆயுள் முழுக்க.

எத்தனை கப்பலை அது பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்? அந்தக் கப்பல்களில் எத்தனை பேர்? அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கெங்கோ இப்போது காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கோதுமை, சிமெண்ட். பிறகு ஆடுகள். பிறகு நம் ஊர்க்காரர்கள், பாகிஸ்தானிகள், பெங்காலிகள், அடுக்குக் கட்டிலில். விமானம் நின்ற இடத்தில் லுங்கி காயப்போட்டிருப்பார்கள். ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை இந்தக் கப்பல்.

வெங்கடேசன் சார் இன்று கேட்டார்: “ஓமான்ல சோஹார் யார்டுல இதப் பத்திப் பேசணுமாம். அங்க எல்லா என்ஜினியரும் வருவா. நான் போகட்டுமா, நீ போறியா?”

“நீங்க என்ன சார் பேசுவீங்க?”

“அதான் நீ போன்னு சொல்றேன்.”

டிசம்பர் 18, வியாழன்

சோஹார். எல்லையில் காத்திருந்ததில் கால் மரத்தது. சுந்தர் லீவு போட்டு ஓட்டி வந்தார், தாரிணி பின்சீட்டில் தூக்கம்.

பெரிய அறை. ஓமானிகள், ஃபிலிப்பினோக்கள், மலையாளிகள், ஒரு கிரேக்கர். பெண் நான் ஒருத்தி. ஆரம்பத்தில் குரல் கீச்சென்று வந்தது. டிஷ்யூ தாள் கணக்கைத் திரையில் காட்டிய பிறகு சரியாகிவிட்டது. சொன்னது இவ்வளவுதான்: கப்பலின் கடைசிப் பெயரை நம்பாதீர்கள். முதலில் அது எதற்காகப் பிறந்தது என்று கண்டுபிடியுங்கள், பிறகு வெட்டுங்கள்.

கேள்விகள் தீரவே இல்லை. கிரேக்கர் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் வந்து கையைக் குலுக்கினார். பல வருஷம் முன்னால் வேறொரு ஊரில் வரைபடத்தை நம்பி வெட்டியபோது தன் அண்ணன் இறந்ததாகச் சொன்னார்.  கையை விட நேரம் ஆயிற்று.

அந்த யார்டில் தை மாதத்திலிருந்து இதைச் சட்டமாகவே வைக்கப் போகிறார்களாம். பழைய கப்பல் என்றால் அதன் முதல் பிறப்பைச் சரிபார்க்காமல் தீ வேலை கிடையாது. எங்கள் யார்டிலும் அதேதான்.

வெளியே வந்தால் அப்பாவும் மகளும் கடற்கரையில் ஐஸ்கிரீம். “அம்மா, டிட் தே கிளாப்?” “கிளாப்புதான்.” “ஹவ் லவுட்?” செய்து காட்டினேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு ஃபோன். எல்லாம் சொன்னேன்.  “அப்ப ஆபீஸ் வேல இல்லையா?” என்றார். பிறகு, “சரி, பெரிய மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாத, நான் சொல்றேன்.” சத்தியமாக இந்நேரம் மதுரை முழுக்கச் சொல்லியிருப்பார்.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில் லேசாக உறைக்கத் தொடங்கிவிட்டது. நோன்புக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் வேகம். முடித்துவிட்டோம்.

அடிக்கட்டையின் கடைசித் துண்டு மட்டும் மேடையில் கிடந்தது. இரும்பெல்லாம் உருக்காலைக்குப் போய்விட்டது, இந்நேரம் எங்கேயோ ஒரு கட்டடத்துக்குக் கம்பியாகிக்கொண்டிருக்கும். நவம்பரில் வேலைக்கு வந்த அத்தனை பேரும் இன்று வந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு தையல்கூட இல்லை. வெங்கடேசன் சார் கேக் வாங்கி வந்திருந்தார். கேக்கின்மேல் ஐசிங்கில் கப்பல், அதன்மேல் விமானம். பேக்கரிக்காரர் விமானத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். ரஹ்மத்துல்லா பாய் வாங்கிப் பார்த்துவிட்டு, டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே வெட்டுங்க மேடம்.”

“எனக்குத் தெரியாது பாய். கையெழுத்துதான் தெரியும்.”

“கையெழுத்துப் போட்ட கைதான. நான் பக்கத்துல நிக்கிறேன். யல்லா, ஆரம்பிங்க.”

என் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டார். பற்ற வைத்தார். நீல ஊசியாக நெருப்பு.  இரும்பு முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு தேன்போல் ஒழுகத் தொடங்கியது. “மெதுவா, மெதுவா, அவசரப்படாதீங்க” என்று காதோரம் பாயின் குரல். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு சாணுக்கும் கத்தினார்கள். கடைசி இழை அறுந்தது. துண்டு மணலில் விழுந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. பிறகு எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல்.

கண்ணாடியைத் தூக்கினேன். மேடை காலி. அதன் வழியாகக் கடல், நேரே, தடை இல்லாமல். வெளியில் அடுத்த கப்பல் ஹாரன் அடித்தது.

பாய் குனிந்து நான் வெட்டிய கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“என் ஆளுங்க இப்படி வெட்டியிருந்தா ஏசித் தீர்த்திருப்பேன் மேடம்” என்றார். “ஆனா விழுந்துடுச்சுல்ல.”